அப்பாவின் காரை விற்க வேண்டாம்

திண்டுக்கல்,
வியாழன் இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

 

அப்பாவின் மாருதி 800-ஐ எடைக்குப் போட்டுவிடலாம் என்று போனில் சொன்னீர்கள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, இப்போது இருக்கிறது. வாசலில் ஆயில் சொட்டுவது நின்றுவிட்டது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி இருக்கிறதே, சம்ப், அதன் பேக்கிங்கை ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டில் மாற்றிவிட்டேன்.

எடுத்ததும் ஸ்பானரைத் தூக்கவில்லை. மேலே டாப்பெட் கவரில் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து சம்ப்பில்தான் வந்து நிற்கும். அதனால் எஞ்சினை டீசல் தொட்டுத் துடைத்து, சின்னாளபட்டி வரை ஓட்டித் திரும்பி, டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, சம்ப் விளிம்பில் மட்டும் புது ஈரம்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவில்லை. இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகுதான் படுத்தேன்.

ஆயிலை இறக்கி, 10-ஆம் நம்பர் ஸ்பானரால் போல்ட்டுகளைக் கழற்றினேன். பழைய கார்க் பேக்கிங் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சம்ப்பை வெயிலில் திருப்பிப் பார்த்தபோதுதான் கோளாறு புரிந்தது. ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகடு எஞ்சின் பக்கமாகக் குமிழ் போல எழும்பியிருந்தது. போன வருடம் ஒர்க்‌ஷாப்பில் விட்டோமே, அங்கே பேக்கிங்கை மாற்றாமல் போல்ட்டை மட்டும் பலம்கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் பேக்கிங் நசுங்கிவிடும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே தகடு சரியாகப் பதியாது. அந்த இடுக்கில்தான் எண்ணெய் வந்திருக்கிறது. இறுக்க இறுக்க ஒழுக்கு கூடியது இதனால்தான்.

சம்ப்பைத் தூக்கிக்கொண்டு பின் தெருப் பூட்டுப் பட்டறைப் பெரியவரிடம் போனேன். அப்பாவுக்குப் பழக்கமானவர். விளிம்பை இரும்புக் கட்டைமேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு குமிழாகத் தட்டினார். தட்டுவார், விரலால் தடவுவார், மறுபடி தட்டுவார். அரை மணி நேரம். கடைசியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், அடியில் வெளிச்சம் தெரியவில்லை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்ததோடு சரி. அந்தக் கைக்குள் இருக்கும் வித்தையை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

பிறகு எஞ்சின் பக்கத்தையும் சுரண்டி, பிசுக்குப் போகத் துடைத்து, புதுப் பேக்கிங்கை வைத்தேன். மூலைகளில் மட்டும் கொஞ்சம் அனாபாண்ட் பசை. போல்ட்டுகளை முதலில் கையாலேயே ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, மூன்று சுற்றாக இறுக்கினேன். சக்கர நட்டுக்கு 50 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுக்கிற கை, இங்கே 10-ல் நின்றுவிட வேண்டும். இதில் பலத்துக்கு வேலையில்லை, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் போதும்.

இறக்கிய பழைய ஆயில் சுமார் மூன்று லிட்டர். அதைச் சாக்கடையில் ஊற்றவில்லை. தோல் பதனிடும் கழிவால் நம் ஊர்க் கிணறுகள் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியாததா? கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேர்த்து அனுப்பும் கடையில் கொடுத்துவிட்டேன்.

திங்கள் முதல் தினமும் இரவில் வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்து வைக்கிறேன். இன்று காலை வரை ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது உண்மைதான். ஆனால் அந்தப் பேக்கிங் நம் ஊர்க் கடையிலேயே கிடைத்தது. பொங்கலுக்கு ரயிலில் வாருங்கள், ஸ்டேஷனுக்கு இந்தக் காரில்தான் வருவேன். நீங்களே ஓட்டிப் பாருங்கள். அதுவரை விற்கும் பேச்சு வேண்டாம் அண்ணா.

அன்புடன்,
உங்கள் தம்பி