விடிய விடிய ஒரு தாளம்

இரவெல்லாம் கண்விழித்து இசை கேட்பது நம் குடும்பத்திற்குப் புதிதன்று. கந்தூரிக் காலத்தில் நாகூர் ஹனிபா அவர்களின் கச்சேரி என்றால், நம் வாப்பா இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொண்டு, தோளில் ஒரு துண்டோடு புறப்பட்டுவிடுவார்கள். சுபுஹு நேரத்தில் திரும்பிவந்து, உம்மாவின் முகச்சுளிப்பைக் கண்டும் காணாதவர் போல நடந்துகொள்வார்கள். அந்த வாப்பாவின் பிள்ளையாகிய நாம், பெர்லின் நகரத்து நிலவறை ஒன்றில் முழங்கும் டெக்னோ என்னும் மின்னிசைக்கு முப்பது ஆண்டுகளாக அடிமைப்பட்டுக் கிடக்கின்றோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆயினும் நாம் கடைசியாகக் கண்விழித்த அந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

1993-ஆம் ஆண்டு, பொறியியல் மாணவராக அந்நகரில் கால்வைத்த புதிதில், உடன் பயின்ற நண்பர் ஒருவர் நம்மை டிரெசோர் என்னும் இடத்திற்கு அழைத்துச் சென்றார். அந்த ஜெர்மன் சொல்லுக்குப் பாதுகாப்புப் பெட்டகம் என்பது பொருள். லைப்சிகர் தெருவில் ஒரு காலத்தில் வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தாரின் மாபெரும் பல்பொருள் அங்காடி இருந்தது. நாட்சி ஆட்சி அதை அவர்களிடமிருந்து பறித்தது. போர் கட்டடத்தைச் சிதைத்தது. எஞ்சியதும் பின்னர் இடிக்கப்பட்டது. மண்ணுக்கடியில் இருந்த பெட்டக அறை மட்டும் தப்பிற்று. 1989-இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபின் இளைஞர்கள் அவ்வறையைக் கண்டெடுத்தனர். 1991-இல் அது இசைக்கூடமாயிற்று. துருப்பிடித்த பெட்டகங்கள் சுவரெங்கும் வாய்பிளந்து நிற்க, அவற்றின் நடுவே முழங்கிய அந்தத் தாளத்தை நாம் முதன்முதலாகக் கேட்டோம். காதால் மட்டுமா கேட்டோம்? நெஞ்செலும்பால் கேட்டோம்.

அந்த இசை பிறந்த ஊர் பெர்லின் அன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட். மோட்டார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வாடிக்கிடந்த அந்நகரின் கறுப்பின இளைஞர்கள் 1980-களில் அதனைப் படைத்தார்கள். அவர்கள் கைக்கொண்ட கருவிகளுள் ஒன்று, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டி.ஆர்.-909 என்னும் தாளப்பொறி. மெய்யான முரசைப் போல ஒலிக்கவில்லை என்று பலரும் ஒதுக்கியதால், 1985-இலேயே அதன் உற்பத்தி நின்றது. ஒதுக்கப்பட்ட பொறி பழைய சாமான் விலைக்கு வந்தது. வசதியற்ற இளைஞர்களின் கையில் புதியதொரு கலையாயிற்று. வேண்டாமென்று வீசப்பட்ட பொறி, கைவிடப்பட்ட நகரம், மறக்கப்பட்ட நிலவறை, இம்மூன்றும் கூடிப் பெற்ற பிள்ளை இது என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

டெட்ராய்ட்டிலிருந்து பெர்லினுக்கு வந்தவர்களுள் நம் உள்ளத்தைக் கொள்ளைகொண்டவர் ஜெஃப் மில்ஸ். மூன்று இசைத்தட்டுகளை ஒருசேர ஓடவிட்டு, ஒரு காதில் மட்டும் காதொலிப்பான் பிடித்து, தட்டுகளின் வேகத்தை மயிரிழை அளவு கூட்டியும் குறைத்தும் ஒன்றோடொன்று பொருத்துவார். பிறகு 909-ஐ விரல்நுனியால் மீட்டுவார். நிமிடத்திற்குச் சுமார் 130 அடி என்று கொண்டால், நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை 46,800 அடிகள்! அவ்வளவும் ஒரே அடிதானே என்பார் சிலர். ஒரே கடலின் அலைதானே என்று யாரும் கரையைவிட்டு எழுந்து போவதில்லை.

காதலுக்கு விலை உண்டு. இளமையில் நாம் எங்கெங்கோ எத்தனையோ கூடங்களில் ஒலிபெருக்கியின் வாயருகே நின்றோம். காதில் பஞ்சு வைப்பது ரசிகனுக்கு இழுக்கு என்று கருதினோம். மறுநாள் காதில் ‘ங்ஙொய்’ என்று வண்டு இரையும், மாலைக்குள் ஓய்ந்துவிடும். ஒருநாள் அது ஓயவில்லை. செவி மருத்துவர் சோதித்துவிட்டு, வரைபடத்தை நம்முன் வைத்தார். நேராகச் சென்ற கோடு, மெல்லிய உயர்ந்த ஒலிகள் உள்ள பக்கத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. உட்செவியில் காதொன்றுக்குச் சுமார் 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன என்றும், மனிதருக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை என்றும் சொன்னார். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரந்தான். நாம் நின்ற இரவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தோம். கணக்கை முடிக்கவில்லை.

அதன்பின் ஒரு கோடை இரவில் மில்ஸ் வருகின்றார் என்று அறிந்தோம். டிரெசோர் இப்போது பழைய இடத்தில் இல்லை. 2005-இல் அது மூடப்பட்டது. 2007-இல் கோப்பெனிக்கர் தெருவில், செயலிழந்த அனல்மின் நிலையமொன்றில் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய பெட்டகங்களையும் இரும்புக் கம்பிகளையும் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கின்றார்கள். பெர்லினிலேயே படிக்கும் நம் சகோதரியின் மகனும் உடன் வருவேன் என்றான். நம் பையில் தண்ணீர்ப் புட்டி ஒன்று. காதடைப்பான்கள் இரண்டு சோடி. ஒன்றை அவனிடம் நீட்டினோம். “எனக்கு எதுக்கு மாமா? காது நல்லாத்தானே இருக்கு” என்று சிரித்தான். முப்பதாண்டுக்கு முந்திய நம் சிரிப்பே அது.

நீண்ட சுரங்க வழியைக் கடந்து இறங்கினோம். புகை மூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. யார் எந்நாட்டார், என்ன வேலை செய்பவர் என்று எவரும் கேட்பதில்லை. மணி நான்கிருக்கும். மில்ஸ் தட்டுகளை நிறுத்திவிட்டு 909-இன் பக்கம் திரும்பினார். நாம் காத்திருந்த வேளை அது. முதலில் அடிமுரசு. பிறகு, ஜால்ராவைப் போல் ‘இஸ், இஸ்’ என்று ஊசியாய் இறங்கும் மெல்லிய தட்டொலி வரவேண்டும். அவருடைய விரல் அசைந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது, கைகள் உயர்ந்தன. நமக்கு ஒன்றும் கேட்கவில்லை.

காதடைப்பான்தான் காரணம் என்று எண்ணி, ஒரு பக்கத்தை எடுத்தோம். முரசு மலையாய் வந்து மோதிற்று. தட்டொலி வரவில்லை. மருமகனின் காதருகே வாயை வைத்துக் கேட்டோம்:

“தம்பி, அந்த ஜால்ரா வருதா?”

“வருது மாமா! நல்லா வருது. மண்டைக்குள்ளே குத்துது!” என்றான்.

கேட்டுக் கேட்டு நாம் எதை விரும்பினோமோ, கேட்டுக் கேட்டே அதை இழந்திருக்கின்றோம். அடைப்பானைத் திரும்பச் செருகிக்கொண்டோம். மற்றச் சோடியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தோம். “எனக்கு அது வரலே. எடுத்துப் போட்டுக்கோ” என்றோம். இம்முறை அவன் சிரிக்கவில்லை. சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்தான். பின்னர், ஒன்றும் பேசாமல் போட்டுக்கொண்டான்.

எஞ்சிய நேரம் பெட்டக அறையின் இரும்புக் கம்பியில் கைவைத்து நின்றோம். கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. முதுமையில் செவி மங்கிய நம் வாப்பா, வானொலிப் பெட்டியில் ஹனிபா அவர்களின் பாட்டு வரும்போது அதன்மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்மூடி அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அப்போது நாம் அதை முதுமையின் விளையாட்டு என்று எண்ணினோம். வாப்பா தமக்கு எட்டிய வழியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தக் கம்பி நமக்குச் சொல்லிற்று.

வெளியே வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. ரயிலில் மருமகன் தூங்கிவிட்டான். அவன் செவிகளில் அடைப்பான்கள் அப்படியே இருந்தன, எடுக்க மறந்துவிட்டான். நாம் நினைவூட்டவில்லை.

2024-இல் ஜெர்மனி, பெர்லின் டெக்னோவைத் தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், இசைக்கூடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்றும், வருவோர்க்குக் காதடைப்பான் கிடைக்கவேண்டும் என்றும் நெறி வகுத்தது. இரண்டையும் ஒருசேர வரவேற்கின்றோம். நம் இல்லத் திருமணங்களிலும் ஊர் விழாக்களிலும் ஒலிபெருக்கியின் அடியில் குழந்தைகளை அமரவைப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

‘இனியும் போவீர்களா?’ என்று வீட்டில் கேட்கின்றார்கள். போவோம், ஆனால் சுவரோரத்தில் நிற்போம். ஜால்ரா வரும் இடத்தை மருமகன் நம் தோளைத் தட்டிச் சொல்வதாக ஏற்பாடு.