நெய் எந்தப் பையில்?

உங்கள் பெண்ணோ பிள்ளையோ சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ குடித்தனம் செய்கிறார்களா? அப்படியானால் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள், அம்மா. எங்கள் அவிநாசியில் ஒரு காலத்தில் வெளியூர்ப் பிரயாணம் என்றால் பழனிக்குப் பஸ் ஏறுவதுதான். இப்போதோ தெருவுக்கு இரண்டு பாட்டிமார் பேரக் குழந்தையைப் பார்க்க ஆகாய விமானத்தில் பறக்கிறார்கள். கோவை ரோட்டில் காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பீளமேட்டு விமான நிலையம் வந்துவிடுகிறது. ஏறுவதும் இறங்குவதும் சுலபம். எந்தச் சாமானை எந்தப் பையில் வைப்பது என்பதுதான் பெரும் பாடு!

பை இரண்டு வகை. ஒன்று, வாசலிலேயே எடை போட்டு வாங்கிக்கொண்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிடுகிற பெரிய பெட்டி. மற்றது, நம்மோடு கூடவே வருகிற கைப்பை. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் கணக்கு. வெளிநாட்டுக் கம்பெனிகள் சில 10 கிலோ வரை விடுகின்றன. டிக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். வீட்டுத் தராசில் ஒரு முறை நிறுத்துவிட்டால் கவலை விட்டது.

எடையை விடப் பெரிய வில்லங்கம், திரவம். வெளிநாடு போகிற விமானத்தில் கைப்பைக்குள் வைக்கும் திரவம் எதுவானாலும், புட்டி ஒன்று 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தப் புட்டிகள் எல்லாம் சேர்ந்து, ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். 200 மில்லி புட்டியின் அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. அவர்கள் பார்ப்பது புட்டியின் அளவை.

திரவம் என்றால் தண்ணீரும் எண்ணெயும்தானே என்று நினைக்கிறீர்களா? ஊற்றினால் ஓடுவது, தடவினால் ஒட்டுவது, அமுக்கினால் பிதுங்குவது எல்லாமே அவர்கள் கணக்கில் திரவம்தான். நெய், தயிர், ஊறுகாய், புளிக்காய்ச்சல், பிரசவ லேகியம், தோசை மாவு ஒன்றும் தப்பாது. முறுக்கு, கச்சாயம், ஒப்பிட்டு இவற்றுக்குத் தடை இல்லை. கைக்குழந்தையின் பாலுக்கும், வழியில் சாப்பிட வேண்டிய மருந்துக்கும் விலக்கு உண்டு. கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2006-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைக் குளிர்பானப் புட்டிகளில் வெடி திரவம் கொண்டுபோய்த் தகர்க்க ஒரு கூட்டம் போட்டிருந்த சதி அம்பலமாயிற்று. அன்று பிறந்த சட்டம் நம் வீட்டு நெய்ப் பாட்டில் வரையில் வந்து நிற்கிறது.

ஒரு விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளை மறக்க முடியவில்லை. மகளுக்குப் பிரசவம் ஆகிப் பத்து நாள். வீட்டு எருமையின் வெண்ணெயைக் காய்ச்சி எடுத்த நெய், அரைப்படி இருக்கும். "சாமி, இது என்ற புள்ளைக்குங்க. வேணும்னா நானே ஒரு வாய் குடிச்சுக் காட்டறனுங்க" என்றாள். அந்தக் காவல்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. முகத்தைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிட்டதென்று தோன்றியது. ஆனாலும் தலையைத்தான் ஆட்டினாள். பெரிய பெட்டி அதற்குள் வயிற்றுக்குள் போய்விட்டதே! அம்மாள் மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, பாட்டிலைத் தொட்டியில் போடாமல் அதன் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர் பாடியதும், முதலை விழுங்கிய பாலகனைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் விட்டதாம். விமான நிலையத்துத் தொட்டி அந்த ஜாதி முதலை அல்ல!

தேங்காய் விஷயம் இன்னும் விசித்திரம். காங்கேயம் பக்கத்துக் களங்களில் கொப்பரை காய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எவ்வளவு எண்ணெய் என்று. ஈரத்தோடு குவித்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றும் குணம் அதற்கு உண்டு. ஆகையால் கொப்பரைக்கு இரண்டு பையிலும் இடமில்லை. முழுத் தேங்காயும் சாதாரணமாகக் கைப்பையில் கூடாது. 2024-ஆம் வருஷச் சபரிமலை சீசனில், இருமுடி சுமந்த பக்தர்களுக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை மத்திய சர்க்கார் விசேஷ அனுமதி கொடுத்தது. கற்பூரமும் தீப்பெட்டியும் எந்தப் பையிலும் வேண்டாம். மிளகாய்ப் பொடி பெரிய பெட்டிக்குள் போகட்டும். அரிவாள்மணையும் அப்படித்தான். (மருமகள் கத்தியால் காய் நறுக்குவதைச் சகியாத மாமியார் ஒருத்தி அதையும் கொண்டுபோனதை நான் அறிவேன்.)

இனிச் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள். குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அது ஐக்கிய அரபு நாடுகளில் போதைச் சரக்கு. ஷார்ஜா விமானத்தில் சமையல் சாமானோடு ஒரு பொட்டலம் போனாலும் ஜெயில் வரைக்கும் இழுத்துவிடும். சிங்கப்பூரிலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. கலந்து அரைத்த மசாலாப் பொடியும் இதில் சேர்த்தி.

நம் பையில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டார் தரும் பொட்டலத்தில்? பிரயாணம் என்று தெரிந்தால் போதும், "அம்மிணி, என்ற பையனுக்கு இதைக் குடுத்துருங்க" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மாட்டேன் என்று சொல்வது உறவையே முறிப்பது மாதிரி. ஆனாலும் ஒட்டிய பொட்டலத்தை வாங்காதீர்கள். அங்கே சுங்கத்தில் நிற்கப்போவது கொடுத்தவர் அல்ல, நீங்கள். "அக்கா, பிரிச்சே குடுங்க, நானே கட்டிக்கறேன். அங்கெ கேட்டா நாந்தானுங்களே சொல்லோணும்?" என்றால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்தப் பொட்டலம் வராமல் போனதே நல்லது.

கைப்பையில் இருக்க வேண்டியவை சில: பாஸ்போர்ட்டு, நகை, டாக்டர் சீட்டோடு மாத்திரைகள், ஒரு மாற்றுப் புடவை. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் கட்டாயம் கையோடுதான் வர வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. அது தீப்பற்றினால் மேலே ஆட்கள் பார்த்து அணைப்பார்கள். வயிற்றுக்குள் யார் பார்ப்பார்கள்?

நெய்யை நன்றாக உறையவிட்டு, திருகு மூடி போட்ட டப்பாவில் இறுக்கி மூடி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டுங்கள். மேலே பழைய நூல் புடவை ஒன்றைச் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்துவிடுங்கள். அங்கே போனதும் அந்தப் புடவை தூளி கட்ட ஆகும்.