காது வாசல்

முப்பது ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இருதயத்தைக் காத்துக்கொள் என்றால், சினிமாவுக்குப் போகாதே என்று பொருள். டிவியைச் சாத்தானின் பெட்டி என்று சொன்ன சபைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் ஓடும் நேரத்துக்குத்தான் வாலிபர் கூட்டம் வைப்பார்கள். அது தற்செயல் என்று எந்த வாலிபனும் நம்பியதில்லை.

கண்ணுக்கு அவ்வளவு காவல். காதுக்கு ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்திலேயே யார் வீட்டுப் பெண், யார் வீட்டுக் கடன், எந்தப் போதகரின் காணிக்கைக் கணக்கு என்று எல்லாம் வந்துவிடும். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று தொடங்கினால் புறங்கூறுதலும் ஊழியமாகிவிடும்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான நூலை எழுதியவர் என்றே ஜான் பன்யனை நாம் அறிவோம். 1682இல் அவர் இன்னொரு கதை எழுதினார். அதில் மனித ஆன்மாவே ஒரு நகரம். காது, கண், வாய், மூக்கு, தொடுகை என்று அதற்கு ஐந்து வாசல்கள். உள்ளே இருப்பவர்கள் இசையாமல் எந்த வாசலையும் வெளியிலிருந்து உடைக்க முடியாது. பகைவன் முதலில் வந்து நிற்பது காது வாசலில். இனிக்க இனிக்கப் பேசுகிறான். எதிர்ப்பு என்ற தளபதி சாகிறான், கள்ளமின்மை என்ற பிரபுவும் சாகிறார். பிறகு ஊர்க்காரர்களே கதவைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு உறைத்த இடம். ஊரைப் பிடித்த பகைவன் அதே வாசலுக்குத் தப்பெண்ணம் என்பவனைக் காவலாக வைக்கிறான், அவனுக்குத் துணையாகக் காது கேளாத 60 பேர். இனி நல்ல சொல் எதுவும் உள்ளே போகாது.

விஜயந்தா டாங்கு 1965இல் வெளிவந்த ஆவடியில், எபேசியர் நிருபத்தின் சர்வாயுதத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் உவமை தேடி அலைய வேண்டியதில்லை. கவசம் எவ்வளவு கனமானாலும், உள்ளே இருப்பவன் மூடியைத் திறந்து வைத்திருந்தால் என்ன பயன்?

காது வாசல் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை நம் திருவள்ளூர் மாவட்டமே பார்த்தது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பரவின. பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். வடக்கேயும் இப்படிச் சாவுகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அடித்தவர்கள் அன்று காலை கொலைகாரர்களாக எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளுக்காகப் பயந்த சாதாரண மனிதர்கள்தான்.

நம் சபைக் குழுக்களுக்கு வருவது இவ்வளவு கொடூரமானதல்ல என்று தோன்றும். மேலே ஒரு வசனம், ஒரு புறா, சூரிய உதயம். அதன் கீழே, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தடைபடும் என்ற மிரட்டல். மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசி என்று ஒரு சாட்சி. அடுத்த தெருவில் வேறு மதத்தவர் சதி செய்கிறார்கள் என்று ஒரு செய்தி. சினிமாவை வாசலில் நின்று விரட்டிய நாம், வசனம் ஒட்டி வந்ததால் இதற்கெல்லாம் ஆமென் போடுகிறோம். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் காலை மின்சார ரயிலில் இயர்போன் மாட்டிய பாதிப் பேரின் காதில் யாரோ ஒருவர் கோபமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் போனை இரவு பிடுங்கி வைக்கும் அப்பா, தன் போனில் அந்தக் கோபத்தை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுக் குடும்ப ஜெபத்துக்கு வந்து உட்காருகிறார்.

எகிப்தின் பாலைவனத்துக்குப் போன நான்காம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியசுக்கு அங்கே சினிமாவும் இல்லை, போனும் இல்லை. அப்படியும் மனதைத் தாக்கும் எண்ணங்கள் எட்டு என்று எழுதினார். காமம் அதில் ஒன்றே ஒன்று. கோபம், துயரம், பொருளாசை, வீண்புகழ், அகந்தை எல்லாம் அதே வரிசையில் நிற்கின்றன. நம் வாலிபர் கூட்டங்களில் அந்த ஒன்றைப் பற்றித்தான் பேசினோம். மற்றவற்றைப் பிரசங்க பீடத்தில்கூட ஏறி நிற்க விட்டுவிட்டோம்.

சபைக் குழுக்களின் அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எதையும் வசனம் ஒட்டியிருக்கிறது என்பதற்காகப் போக விடாதீர்கள். போட்டவர் மூப்பராக இருந்தாலும் தனியாகக் கூப்பிட்டு, "இது உண்மையா ஐயா?" என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சாட்சி வந்தால் மட்டும் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அழித்துவிடுங்கள்.