மரத்தின் மேல் ஒரு தோல்

கராஜில் நிற்கும் கயாக்கைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணை, எத்தனை தரம் வார்னிஷ் அடிச்சனீங்கள்?" ஐந்தாறு பூச்சு என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த மினுக்கம் வார்னிஷ் டப்பாவைத் திறப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. வார்னிஷ் எதையும் மறைக்காது. அடியில் செய்த வேலை முழுவதையும் பெரிதாக்கிக் காட்டும்.

நான் கட்டுவது கீற்றுக் கயாக். செவ்செடார்ப் பலகையைக் கால் அங்குலத் தடிப்பும் முக்கால் அங்குல அகலமும் கொண்ட நீண்ட கீற்றுகளாக அறுத்து, ஓரடிக்கு ஒன்றாக நிறுத்திய அச்சுகளின் மேல் அடுத்தடுத்துப் பசையிட்டு ஒட்டிக்கொண்டு போவார்கள். கீற்றின் ஒரு விளிம்பில் குழிவு, மறு விளிம்பில் குவிவு. வளைவுகளிலும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்கார்ந்துவிடும். பிறகு உள்ளும் புறமும் கண்ணாடி நார்த்துணி போர்த்தி எபொக்சிப் பிசின் பூசுவது. இங்கே ஒன்ராறியோவில் வீட்டுக் கராஜ்களுக்குள் இந்த முறை நுழைந்ததில் படகுகட்டுநர் டெட் மூர்ஸுக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய 'கனூகிராஃப்ட்' 1983இலும் 'கயாக்கிராஃப்ட்' 1999இலும் வெளிவந்தன. கையில் சீவுளி பிடிக்கத் தெரிந்த எவரும் அவற்றைப் படித்துக்கொண்டே படகு கட்டலாம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து மரக்கல மரபின் நியாயம் வேறு. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. பலகைக் கலங்களில் மரம் நீரைக் குடித்து ஊதும்; கலப்பத்துப் பார்த்த, அதாவது அடைப்பிட்ட, இடைவெளிகள் அதனால் இன்னும் இறுகும். கீற்றுக் கயாக்கில் மரம் நீரைக் காணவே கூடாது. உள்துணி ஒன்று, வெளித்துணி ஒன்று, அவற்றை விலக்கி நிறுத்தும் நடுப்பகுதியாக மெல்லிய செடார். மூன்றும் பிரியாமல் சேர்ந்திருப்பதால்தான் 17 அடிக் கயாக் ஒன்றை 20 கிலோவை ஒட்டிய எடையில் கட்ட முடிகிறது. கல்லில் உரசித் துணி கிழிந்தால் நீர் உள்ளே போகும், செடார் கறுக்கும், துணி மரத்தைவிட்டு எழும்பும். அதனால் மேற்பூச்சு வேலையை அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதுதான் படகின் தோல்.

கீற்றுகள் எல்லாம் ஒட்டி முடித்த அன்று படகு கட்டியாயிற்று என்று தோன்றும். உண்மையில் அன்றைக்கு இருப்பது பல பட்டங்கள் கொண்ட ஓர் உருவம்தான். தட்டையான கீற்றுகள் சந்திக்கும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முகடு நிற்கும். அந்த முகடுகளைச் சிறு சீவுளியால் இறக்க வேண்டும். அடுத்தது நீள்பலகை: வளையக்கூடிய ஒட்டுப்பலகைத் துண்டில் 80ஆம் இலக்க அரத்தாளை ஒட்டி, இரு கைகளாலும் பிடித்து, படகின் நீளத்துக்குச் சரிவாக ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி. மின்சாரத் தேய்ப்பானை இந்தக் கட்டத்தில் தொடாமலிருப்பதே நல்லது. செடார் மிக மென்மையான மரம். இயந்திரம் ஓரிடத்தில் ஒரு கணம் தங்கினாலும் அங்கே பள்ளம் விழும். நீள்பலகை மேட்டை மட்டுமே தேடிப்பிடித்து அறுக்கும்.

எப்போது போதும் என்று கண் சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு, விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை மெதுவாக ஓடவிட்டால் காகிதத் தடிப்புள்ள மேடும் தெரியும். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் படகின் முனையருகே தாழ்வாக வைத்தால் நிழல்கள் மிச்சத்தைச் சொல்லிவிடும். கடைசியாக ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். பசை படிந்த இடங்கள் நனையாமல் வெளிறி நிற்கும். அவற்றை அப்படியே விட்டால் பிசினுக்கு அடியிலும் அதே வெளிறலாக என்றென்றைக்கும் இருக்கும்.

செடார்த் தூசியைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். செவ்செடாரில் உள்ள பிளிக்காற்றிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்குகிறது. மர ஆலைத் தொழிலாளரிடம் நன்கு அறியப்பட்ட நோய் இது. தூசிக்கான நல்ல மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள். எபொக்சிக்குக் கையுறையும் அப்படித்தான். தோலில் படப்பட ஒவ்வாமை வரலாம்; வந்துவிட்டால் பிறகு பிசினை நெருங்கவே முடியாமல் போகும்.

பிசின் வேலைக்குக் கனடாவில் நாள் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் கீற்று அறுக்கலாம், அச்சு வெட்டலாம். ஆனால் குளிரில் எபொக்சி தேன் போலத் தடித்துத் துணிக்குள் இறங்க மறுக்கும், இறுகவும் மாட்டாது. அதனால் சூடாக்காத கராஜில் மே, ஜூன் மாதம்வரை பொறுத்திருக்க வேண்டும். அதிலும் காலையில் தொடங்கக் கூடாது. வெப்பம் ஏற ஏற மரத்தின் நுண்குழல்களிலுள்ள காற்று விரிந்து வெளியேறும். துணிக்கடியில் குமிழ் குமிழாகத் தங்கிவிடும். வெப்பம் இறங்கத் தொடங்கும் பின்னேரத்தில் பூசினால் மரம் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளைத் துணி பிசின் பட்டதும் காணாமல் போய், அடியிலிருந்து செடாரின் சிவப்பும் தவிட்டு நிறமும் மேலே வரும். எத்தனை படகு கட்டினாலும் அந்த மகிழ்ச்சி எனக்குக் குறைவதில்லை. ஆனால் அங்கே நின்று ரசிக்க நேரமில்லை. மேலதிகப் பிசினைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். பிசின் கூடினால் துணி மிதக்கும், எடையும் ஏறும். நெசவு தெரியும்படி முதற்பூச்சு. நெசவை நிரப்ப மேலும் இரண்டு மெல்லிய பூச்சு.

அடிப்பகுதியையும் மேல்தளத்தையும் தனித்தனியே அச்சிலிருந்து கழற்றி, உட்புறமும் துணியிட்ட பின்தான் இணைப்பது. உள்மூட்டுக்கு நார்நாடா ஒட்டக் கை எட்டாது. நீண்ட தடியில் தூரிகையைக் கட்டி, படகைப் பக்கவாட்டில் சாய்த்து, தலைவிளக்கோடு உட்காருமிடத்து வாய்க்குள் தலையை விட வேண்டும். யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் இரண்டு பாதிகளையும் பிடித்திருப்பது அந்த நாடாதான்.

இறுகிய எபொக்சியின் மேல் சிலவேளை மெழுகு போன்ற படலம் வரும். வெந்நீரும் கடினத் தேய்ப்புத்துணியும் போதும், போய்விடும். கழுவாமல் தேய்த்தால் அரத்தாள் அடைத்துக்கொள்ளும், வார்னிஷும் பிடிக்காது. தேய்க்கும்போது துணியை வெட்டிவிடாமல் நிறுத்தத் தெரிய வேண்டும். வெட்டுப்பட்ட துணி வலிமையிழக்கும். வார்னிஷ் அடிப்பதோ எளிது: தரையை நனைத்துத் தூசியை அடக்கு, மெல்லியதாகப் பூசு, காய்ந்ததும் 220ஆம் இலக்க அரத்தாளால் தேய், மீண்டும் பூசு.

வெயில் எபொக்சியைத் தின்னும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ்தான் அதற்குக் கவசம்; அதுவும் காலப்போக்கில் தேயும். ஆகவே ஒவ்வொரு பருவ முடிவிலும் படகைக் கழுவி, நிழலில் கவிழ்த்து, அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். துணிவரை இறங்கிய கீறல் இருந்தால் நன்றாகக் காயவிட்டுப் பிசினால் மூடுங்கள். பளபளப்பு மங்கிய இடங்களை இலேசாகத் தேய்த்து ஓரிரு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். ஒரு வார இறுதி வேலைதான். இதைத் தவறாமல் செய்துவந்தால் மரக் கயாக் பல பத்தாண்டுகள் ஓடும்.