அம்மாவின் வலது கண்

எங்கள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இலவச முகாமில் நடந்தது. வேனில் கூட்டிப்போய் வேனிலேயே கொண்டுவந்து விட்டார்கள். கட்டுப் பிரித்ததும், "ஏண்டா இப்படி இளைச்சிட்டீங்க" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். 1976இல் தொடங்கிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் எங்கள் சேரிவரை வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சிதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். அது நடவுக் காலம். ஒருநாள் கூலி போகுமே என்று அம்மா போகவில்லை. பார்வைதான் வந்துவிட்டதே என்று நாங்களும் விட்டுவிட்டோம். கண் உறுத்தும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டார். அது ஸ்டீராய்டு. ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் மட்டும் விட்டு, படிப்படியாக நிறுத்த வேண்டியது. மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும். வலிக்காது, சிவக்காது.

மூன்று வருடம் கழித்து அம்மா நிலைக்கதவில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கவாட்டில் நிற்பவர் தெரியவில்லை. வயசாகிவிட்டது என்றோம். மறுபடி புரை வந்திருக்கும், இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றோம். டாக்டர் வலது கண்ணில் அழுத்தம் பார்த்தார். 38. பொதுவாக 21க்குள் இருக்க வேண்டும். கிளாக்கோமா. புரை லென்ஸில் வருவது, லென்ஸை மாற்றலாம். இது நரம்பையே அழித்துவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார். மருந்து மட்டுமல்ல, ஆறாத அழற்சி, உள்ளே தங்கிய புரைத் துணுக்கு, இடம் நகர்ந்த செயற்கை லென்ஸ் இவற்றாலும் வருடங்கள் கழித்து இது வரலாம் என்றார்.

"இவங்களுக்கெல்லாம் சொன்னா எங்க புரியுது" என்றார் பக்கத்தில் இருந்த ஊழியர். அம்மா தலைகுனிந்தார். ஒருநாள் கூலியை விட முடியாதவரிடம் புரியவில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

ஆனால் எங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டாவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதிய நாங்கள், அம்மாவின் மருந்துச் சீட்டை ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை. அந்த முகாமின் கணக்கில் அவர் கண் இன்றும் வெற்றிபெற்ற கண்தான்.

தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் சொட்டு மருந்தை வாங்கிப் பாருங்கள். எத்தனை நாளாக விடுகிறார்கள் என்று கேளுங்கள். வருடம் ஒருமுறை அழுத்தம் பார்க்கக் கூட்டிப்போங்கள். ஆபரேஷனுக்கு வந்த வேன் மறுபரிசோதனைக்கும் வர வேண்டும் என்று கேளுங்கள். அது சலுகை அல்ல, சிகிச்சையின் பாதி.

அம்மாவின் இடது கண்ணுக்குத் தினமும் இரவு நாங்கள்தான் மருந்து விடுகிறோம்.