நாலு சீசன் டென்ட்டும் நாமக்கல் தார்ப்பாயும்

கொல்லிமலைக்கு டென்ட் தூக்கிட்டுப் போற ஐடியா இருக்கா பாஸ்? ரெண்டு நிமிஷம் இதைப் படிச்சிட்டுக் கிளம்புங்க.

மே மாசம். நாமக்கல்லில் சட்டை முதுகோடு ஒட்டுற வெயில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுத்தி, தலை கிறுகிறுக்க செம்மேட்டில் இறங்கினால் சிலுசிலு காத்து. எங்க கையில் ‘ஃபோர் சீசன்’ டென்ட். இமயமலை டிரெக்கிங் போய்வந்த சீனியரிடம் இரவல்.

வெயில், கடும் வெயில்னு ரெண்டே சீசன் இருக்கிற ஊர்க்காரங்களுக்கு நாலு எதுக்குன்னு கேட்கிறீங்களா? நாலாவது, பனிக்காலம். வெளித்துணி தரை வரைக்கும் இறங்கும். அலுமினியக் கம்பிகள் பல இடங்களில் ஒண்ணையொண்ணு குறுக்கே வெட்டிப் போகும். எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் பாரம் எல்லாக் கம்பிக்கும் பிரிஞ்சிடும். 1975-ல் நார்த் ஃபேஸ் கம்பெனி ‘ஓவல் இன்டென்ஷன்’ என்ற டென்ட்டில் கொண்டுவந்த அமைப்பு இது.

இத்தனையும் தெரிஞ்ச மேதைகள் நாங்க என்ன செஞ்சோம்? ஒரு தோட்டத்துக்காரரிடம் கேட்டு, சில்வர் ஓக் மரத்தடியில் டென்ட் அடிச்சோம். (காட்டுக்குள் நினைச்ச இடத்தில் அடிக்க முடியாது, வனத்துறை அனுமதி வேணும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவங்க பலியான பிறகு விதிகள் ரொம்பவே இறுகிடுச்சு.) பையில் மிச்சம் இருந்த கயிறுகளை ‘எக்ஸ்ட்ரா’ன்னு நினைச்சு உள்ளேயே விட்டுட்டோம்.

ராத்திரி எட்டு மணிக்குக் கோடை மழை. காத்துன்னா காத்து! மண்ணில் குத்தின ஆணி ஒவ்வொண்ணா பிடுங்கிக்கிச்சு. மின்னல் வெட்டினதும் காபி காயவைக்கிற ஷெட்டுக்கு ஓடினோம். பின்னாடி ‘மடார்’னு சத்தம். டென்ட் மேல ஒரு கிளை. அஞ்சு நிமிஷம் முன்னாடி அங்கதான் நாலு பேரும் சீட்டு ஆடிட்டிருந்தோம்.

ஷெட்டில் ஒதுங்கியிருந்த நாமக்கல் லாரி டிரைவர் அண்ணன் கேட்டார்: “கயிறு எங்க தம்பி?”

விடிஞ்சதும் அவரே கட்டிக் காட்டினார். மரத்தை விட்டுத் தள்ளி, காத்து வர்ற பக்கம்தான் முதல் கட்டு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி; நுனியை ஆணியில் சுத்தி, அந்தக் கண்ணிக்குள் விட்டு இழு. தார்ப்பாய்க்குப் போடுற அதே முடிச்சு, வீணைத் தந்தி மாதிரி விறைச்சு நின்னுச்சு. ஆணி டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கணும். மண் பொலபொலன்னு இருந்தா பெரிய கல்லில் கட்டணும்.

மின்னலுக்கு மட்டும் எந்த டென்ட்டும் உதவாது. இடி கேட்டதுமே கட்டடத்துக்கோ, மூடின காருக்கோ ஓடிடுங்க. இன்னொண்ணு, பனிக்காக அடைச்சுத் தைச்ச துணி. மழை இல்லாத ராத்திரியில் ஜிப்பைத் திறந்து வைக்கலேன்னா உள்ளே இட்லிப் பானைதான்.

திரும்பும்போது நாமக்கல்லில் நின்ன லாரி ஒவ்வொண்ணிலும் முடிச்சைத்தான் பார்த்துட்டு வந்தோம். வளைஞ்ச கம்பிக்குச் சீனியர் இன்னும் காசு கேட்டுட்டிருக்கார்.