கிணற்றடி நினைவு

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை எம் நாட்டில் 30,000இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அப்போது நான் கைக்குழந்தை. ஆண்டுதோறும் அந்நாளில் காலை 9.25 மணிக்கு நாடு இரு நிமிடம் மௌனம் காக்கின்றது. மட்டக்களப்புக் கடற்கரையிலே சுடரேற்றி நிற்குந்தோறும் எனக்குள் ஒரு கூச்சம் எழும்: முகமே அறியாதவர்க்காக நான் எங்ஙனம் அழுவது?

அலை புகுந்ததால் எம்மூர்க் கிணறுகள் உவர்த்தன. பதறி ஓயாது இறைத்த இடங்களில், மணலுக்குக் கீழிருந்த உவர்நீரும் மேலேறிற்று. பருவமழைகளே அவற்றை மெல்ல மெல்ல நன்னீராக்கின. ஆயினும், குடும்பமாகவே அலையோடு போன அயலவரின் வளவுக் கிணறு மட்டும் தூர்ந்து கிடந்தது.

"அதுகள் குடிச்ச கிணறு, மகன், பாழாக விடாத" என்றார் அம்மம்மா.

கடந்த ஆண்டு, சுடரேற்றிய கையோடு நண்பர் சிலர் கூடி அக்கிணற்றில் இறங்கினோம். இரு நாட்கள் சேறு அள்ளினோம். இடிந்த கட்டைச் செப்பனிட்டோம். நீர் தெளிந்ததும், முதல் வாளியை அம்மம்மாவே அள்ளினார். அள்ளியவாறே, அவ்வளவில் வாழ்ந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்து பெயர்கள், கடைக்குட்டிக்கு என் வயதாம்.

இவ்வாண்டு மௌனத்தில் நிற்கையில் எனக்குக் கூச்சமில்லை. நினைப்பதற்கு ஐந்து பெயர்கள் உள்ளன. இறைப்பதற்கு ஒரு கிணறும் உண்டு.